பகராது

கிழக்கே ஓடிய வருஷம்
ஆரல்வாய்மொழிக் காற்று என் புறங்கையைக் கிழித்தது.
டிப்போவில் எழுதிக் கொடுத்து மேற்கே வாங்கினேன்,
குலசேகரம் வண்டி.
ரப்பர் மரங்களுக்குள் பஸ் நுழைய நுழைய
காக்கிச் சட்டைக்குள் வியர்வை ஊறி
முழங்கை மடிப்பு கசிய ஆரம்பித்தது.
இந்த மாவட்டத்துக்கு ரெண்டு மழைக்காலம்
என்று ஏழாம் வகுப்பில் படித்தது,
தோலுக்குப் புரிய
முப்பத்தெட்டு வயதாயிற்று.

ஆசாரிப்பள்ளத்தில் டாக்டரம்மா
முதுகில் வரிசையாய் என்னென்னவோ ஒட்டி
ரெண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார்.
நிக்கல், என்றார்.
சில்லறைக் காசைத் தொடாம இருக்க முடியுமா?
என்ன வேலை பாக்கிறீங்க?
கண்டக்டர், என்றேன்.
எழுதுவதை நிறுத்தி அவர் சிரித்தார்,
நானும் சிரித்தேன்.
அடுத்த டோக்கன்காரர்
கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்.

இப்போது வெதுவெதுப்பாய் ஐந்து நிமிஷக் குளியல்.
தேய்க்காமல் ஒற்றி எடுத்து
ஈரம் காயும் முன்னே களிம்பு.
சிவப்பு மூடி, விரல்நுனி அளவுதான்.
வெள்ளை மூடி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி.
கையில் பருத்தி உறை.
"பேண்டு செட்டுல சேந்தாச்சா?"
என்றான் டிரைவர் சுயம்புலிங்கம் முதல் நாள்.
ரெண்டாம் நாள் கேட்கவில்லை.

பஸ் நிறைய வைத்தியர்கள்.
புங்கெண்ணெய் போடச் சொன்னவர் திருவட்டாறில் இறங்க
போடவே கூடாதென்றவர் அங்கேயே ஏறினார்.
சாளை ஆகாது, இறால் ஆகாது,
கணவாயை நினைக்கவே ஆகாது.
மூன்று மாதம் மரச்சீனியைச்
சம்மந்தி தொட்டுத் தின்றேன்.
எதில் கூடுகிறது, எழுதிப் பாருங்கள் என்றார் டாக்டரம்மா.
ஜெபிஷாவின் பழைய கணக்கு நோட்டில் எழுதினேன்:
ஆடிக் காற்று, கூடியது.
வீட்டுக் கடன் தவணை, நன்றாகக் கூடியது.
சாளை, ஒன்றுமில்லை.
அன்று ராத்திரி செலின் எட்டுச் சாளை பொரித்தாள்.
ஆறு எனக்கு.

ஞாயிறு ஆராதனை தவறாத செலின்
பக்கத்து வீட்டுப் பகவதியிடம் காசு கொடுத்து
நாகராஜா கோயிலுக்குப் பால் வாங்கி அனுப்பினாள்.
எனக்குத் தெரியாதென்று நினைத்திருக்கிறாள்.
பாம்புக்கென்ன,
ஒரே மூச்சில் சட்டையைக் கழற்றிவிட்டுப் போகிறது.
எனக்குத் தவணைதான்.
காலையில் மாடியில் போர்வையை உதறினால்
வெயிலில் கொஞ்ச நேரம்
மினுங்கிக்கொண்டு பறப்பது நான்.

ராத்திரி ரெண்டு மணியைப் பற்றி
டாக்டரம்மாவிடம் முழுசாகச் சொன்னதில்லை.
மகளின் பள்ளிக்கூட சாக்ஸைக் கையில் மாட்டிப் படுத்தவன்
பல்லால் அதை உருவி எறிந்துவிட்டு
சொறிகிற அந்தச் சுகம்,
ஐயோ, அது சுகம்தான்.
பிறகு லைட்டைப் போட்டுப்
போர்வையில் ரத்தப் பொட்டு தேடுவேன்
திருடன் தடயம் அழிப்பதுபோல.

சிலர் காசை
என் உள்ளங்கைக்கு ஓர் அங்குலம் மேலேயிருந்து விடுவார்கள்.
"இது பகருமா?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள்.
பகர்தல் என்றால் சொல்லுதல்,
பாடப் புத்தகத்தில்.
எங்கள் பக்கம் அது ஒட்டிக்கொள்வது.
பகராது அக்கா, என்றேன்.
சரிதான்.
இருபது வருஷமாக
நானும் யாரிடமும் பகர்ந்ததில்லை.

நேற்று வேர்க்கிளம்பியில் ஏறினாள் ஒரு பெண்.
சித்திரை வெயிலில் மணிக்கட்டு வரை கை வைத்த சுடிதார்.
வளைவில் கம்பியை எட்டிப் பிடிக்க
துணி சரிந்தது.
அந்த மடிப்பு எனக்குத் தெரியும்,
அந்தச் சிவப்பு, அந்த நகக்கோடு,
இன்று அதிகாலைக் கோடு அது.
டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது
வாய் தானாகச் சொன்னது:
"ஈரத்தோட போடணும். காஞ்சப்புறம் போட்டா ஏறாது."
சடாரென்று துணியை இறக்கிவிட்டாள்.
முகம் ஜன்னல் பக்கம்.
தப்பாக எடுத்துக்கொண்டாள், போச்சு,
என்று முன்பக்கம் போய் நின்றேன்.

அழகியமண்டபம் தாண்டியிருக்கும்.
பின்னாலிருந்து மெதுவாக,
"எந்தக் களிம்பு அண்ணா?
நீங்க மீன் தின்னுவீங்களா?"

தக்கலையில் ஆள் ஏறி இறங்கி முடிந்தும்
வண்டி நகரவில்லை.
சுயம்பு திரும்பிப் பார்த்து
ஹார்ன் அடித்தான் ரெண்டு தடவை.
நான் விசில் கொடுக்கவில்லை.
உறையைக் கழற்றி
அவளிடம் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.